சுலோச்சனா மேடம் போட்ட இரண்டாவது பூட்டு

திங்கட்கிழமை காலை நான் அலுவலகத்துக்குப் போனபோது ஏற்கெனவே வந்துவிட்டிருந்தேன். வாசலில் விரல் வைக்கும் இயந்திரம் அப்படித்தான் சொன்னது.

"எட்டு நாப்பதுக்கே வந்துட்டீங்களே மேடம்," என்றார் காவலாளி மாரப்பன்.

என் நாற்காலியில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். முப்பது வயதிருக்கும். மீசை வைத்திருந்தான். எல்லோரும் அவனைச் சுலோச்சனா மேடம் என்று கூப்பிட்டார்கள். அது என் பெயர். கோவையில் இந்தப் பம்பு கம்பெனியின் கம்ப்யூட்டர்களை நான்கு வருடமாகப் பார்த்துக்கொள்வது நான்.

"அவரு பாஸ்வேர்டு சரியாச் சொன்னாருங்க," என்றார் மேனேஜர்.

பாஸ்வேர்டு முதலாளி மகளின் பெயர். பின்னால் ஒன்று இரண்டு மூன்று. எல்லாத் திரையிலும் சீட்டில் எழுதி ஒட்டியிருந்தது. மாற்றச் சொல்லிப் பதினோரு கடிதம் கொடுத்திருக்கிறேன். "நம்ம பம்ப எவன் கம்ப்யூட்டர் வழியாத் தூக்கிட்டுப் போகப்போறான்?" என்று முதலாளி சிரித்தார். பதினோரு தடவையும் அதே சிரிப்பு.

முதலாளி அறைக்கு நடந்தேன். பதினைந்தடி நடைபாதை. அன்று முக்கால் மணி நேரம் ஆனது. மழைக்காலத்தில் ஈரம் உறிஞ்சப் பழைய பேப்பர் போடுவதுபோல, வழியெல்லாம் என் கடிதங்களை விரித்திருந்தார்கள். மிதித்துக்கொண்டு போனேன்.

"வந்த அன்னைக்கே பாஸ்வேர்ட மாத்திட்டாரு," என்றார் முதலாளி பெருமையாக. "நாலு வருசம் இருந்தீங்களே, நீங்க மாத்துனீங்களா?"

என் காது சூடானது. "அவன் திருடனுங்க."

"எல்லாத்துலயும் ஒரு காப்பி எடுத்து அவரு வீட்டுல பத்திரமா வெச்சிருக்காரு. திருடன் செய்யற வேலையா இது?"

"ஆமாங்க. அதேதான் திருடன் செய்யற வேலை!"

அவர் ஒரு படிவத்தை நீட்டினார். நான் இருக்கிறேன் என்பதற்கான விண்ணப்பம். அடியில் சுலோச்சனா மேடத்தின் ஒப்புதல் வேண்டும். 'இல்லை' என்று எழுதி அவன் முன்பே கையெழுத்துப் போட்டிருந்தான். என் கையெழுத்தைவிட அழகாக இருந்தது. கிழித்துப் போட்டேன்.

அப்போது என் போன் அதிர்ந்தது. ஆறு இலக்க எண்.

நூற்று நாற்பது தொழிலாளர்களின் ஆதார், முகவரி, பிள்ளைகளின் படம் எல்லாம் ஒரே கோப்பில் இருந்தன. அதற்கு மட்டும், யாரையும் கேட்காமல், இரண்டாவது பூட்டு ஒன்று போட்டிருந்தேன். அதைத் திறக்கும் எண் என் போனுக்குத்தான் வரும்.

அவன் என் நாற்காலியை விட்டு எழுந்து மேனேஜருடன் முதலாளி அறைக்கே வந்தான். மரியாதையாகவே பேசினான். "அந்த நம்பரக் கொஞ்சம் சொல்லுங்க மேடம். வேலை நிக்குது."

"சொல்ல முடியாது."

"சொல்லுங்க," என்றார் மேனேஜர்.

"சொல்லித் தொலைங்க," என்றார் முதலாளி.

வெளியே நடந்தேன். மாரப்பன் கேட்டைத் திறக்கவில்லை. உள்ளே வராதவர் வெளியே போக முடியாதாம். அங்கேயே வெயிலில் உட்கார்ந்தேன். அரை நிமிடத்துக்கு ஒன்றாகப் புது எண் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றையும் அழித்தேன். முதலாளி ஜன்னலில் நின்று என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் முகத்தில் துப்ப வேண்டும் போலிருந்தது. தூரம் அதிகம்.

டீ நேரத்தில் ரங்கம்மா வந்தாள். மோட்டாருக்குக் கம்பி சுற்றுபவள்.

"எம்பட அட்ரசும் அதுல இருக்குதுங்களா?"

"இருக்குது."

"பாப்பா போட்டோ?"

"அதுவும் இருக்குது."

அவள் என் கையிலிருந்த போனை வாங்கித் தரையில் வைத்தாள். சேலையைச் சுருட்டிக்கொண்டு அதன் மேல் உட்கார்ந்தாள்.

"வரட்டும், பாக்கலாம்," என்றாள்.