இரண்டாவது வாய்க்கு ஒரு பானை

சவுரிராயன் வீட்டு அடுப்புப் புகையில் அவருடைய மகள் பிரபாவதி தினமும் காலையில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனாள். ஆள் அப்போது ஓசூரில் உயிரோடு சுகமாகத்தான் இருந்தாள். திண்டிவனத்திலிருந்து ஓமந்தூர் போகிற வழியில் இருக்கும் அந்த ஊரில், ஒருவருக்கொருவர் வீட்டுக் குழம்பில் எத்தனை மிளகாய் என்பது வரை தெரியும். ஆனாலும் இந்தச் சங்கதி மட்டும் பல வருஷம் அடுப்படியைத் தாண்டி வெளியே வரவில்லை.

தொண்ணூற்று மூன்றில் கிணறுகள் வற்றி, வசதியுள்ளவர்கள் எல்லாம் போர் போட்டார்கள். போர் வண்டியோடு வந்த வெற்றிவேல் என்ற பையனோடு பிரபாவதி போய்விட்டாள். வேறு சாதி, வேறு சாமி. மாலையும் கழுத்துமாக இருவரும் வாசலில் வந்து நின்றபோது, மல்லாட்டைக் கடலை மில்லிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த சவுரிராயன் அவர்கள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "இந்த வாசப்படிய இனிமே மிதிக்காத" என்றார். அவள் மிதிக்கவில்லை. அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் அவள் பேரை எடுக்கவில்லை. அவர் மனைவி லூர்துமேரிக்கு மட்டும், இரண்டு பேருக்குக் கஞ்சி வைக்க அரைப்பொழுது ஆக ஆரம்பித்தது. ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டால், விறகு ஈரம் என்று கண்ணைத் துடைத்துக்கொள்வாள். சித்திரை வெயிலில் எந்த ஊர் விறகு ஈரமாக இருக்கும் என்று அவர் ஒருநாளும் யோசித்தவரில்லை.

தொண்ணூற்றாறில் லூர்துமேரி இறந்தாள். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் கலைந்த பிறகு சவுரிராயன் தன் வாழ்க்கையில் முதல்முறையாக அடுப்பு பற்றவைத்தார். புகை கிளம்பி, கூரையில் முட்டித் திரும்பி, அம்மிக்கல்லின் பக்கத்தில் ஒன்று திரண்டது. அங்கே பிரபாவதி முழங்காலில் முகவாயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. லூர்துமேரி மூன்று வருஷம் இதைத்தான் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள், அவரிடம் சொல்ல முடியாமல். கஞ்சி அடிப்பிடிக்கும் வரை அழுதார். ஆனால் மகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பெற்றவன் நானா முதலில் பேசுவது என்று ஒரு வறட்டு ரோஷம். புகைக்கோ பேச வராது. இப்படியே வருஷங்கள் போயின. ஒரு வருஷம் அவளுக்கு வயிறு மேடிட்டது. அடுத்த வருஷம் இடுப்பில் ஏதோ ஒன்று கலங்கலாகத் தெரிந்தது. பிறகு கண்ணாடி போட்டாள், முன்நெற்றியில் நரை கண்டது. நெருப்பு அணைந்ததும் கலைந்துவிடுவாள். மீதி நாள் முழுக்க அந்த வீட்டில் அவரும் சுவர்ப் பல்லியும்தான்.

இரண்டாயிரத்து ஐந்து ஐப்பசி மழையில் அடுப்படிச் சுவர் விழுந்தது. அதே மழையில் சவுரிராயனுக்கு இழுப்பும் வந்தது. இனிமேல் புகையில் உட்கார்ந்தால் அடுத்த மழையைப் பார்க்க மாட்டீர்கள் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டில் இருந்த ஜெயம், லூர்துமேரியின் தங்கை, அதைப் பிடித்துக்கொண்டாள். "கூரையப் பிரிச்சிட்டு ஷீட்டு போட்டுக்கலாம் மாமா. அப்படியே பொகையில்லா அடுப்பும் வெச்சிடலாம்" என்றாள். அவர் சாக்குகளை அடுக்கினார். மழை விடட்டும் என்றார். மழை விட்டதும் கிறிஸ்துமஸ் போகட்டும் என்றார். அது போனதும், தவக்காலத்தில் அடுப்பை இடிக்கக் கூடாது என்று பைபிளில் இல்லாத ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தார். ஈஸ்டர் முடிந்த மறுநாளே ஜெயம் கொத்தனார் மாரியப்பனைக் கையோடு கூட்டிவந்து நிறுத்தினாள்.

மாரியப்பன் சுவரை எழுப்பினார், ஷீட் போட்டார், பழைய வாசற்படியைப் பெயர்த்துப் புதுக் கருங்கல் பதித்தார். அடுப்பு போட குயிலாப்பாளையத்திலிருந்து தமிழ்மொழி என்ற பெண் வந்தாள். களிமண்ணில் உமி கலந்து மிதித்துப் புளிக்கவிட்டாள். ஒரே ஆள்தானே, ஒற்றை வாய் அடுப்பு போதும் என்றாள். ஒற்றை வாய் அடுப்பு வைத்தால் வீடு ஒண்டிக்கட்டையோடு நின்றுபோகும் என்று ஜெயம் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் இரண்டு வாய் வைத்து, பின்னாலிருந்து ஷீட்டைத் துளைத்து வெளியே போகும்படி புகைக்குழாய் நிறுத்தி, மழைத் தண்ணீர் இறங்காமல் சுற்றிலும் தகரம் அடித்தார்கள். "ஐயா, ரெண்டு வாயிலயும் எப்பவும் பானை இருக்கணும். ஒண்ணத் தெறந்து வுட்டீங்கன்னா பொகை அத்தனையும் வூட்டுக்குள்ளதான் வரும்" என்று தமிழ்மொழி சொல்லிவிட்டுப் போனாள். சவுரிராயன் இதைப் பத்திரமாக மனதில் வைத்துக்கொண்டார். ஜெயம் அந்தப் பக்கம் போனதும் இரண்டாவது வாயைத் திறந்துவிடுவது என்பது அவர் கணக்கு.

மண் காயும் வரை டீக்கடை இட்லிதான். மகளைப் பார்க்காத அந்த நாட்களில் இட்லி அவருக்குத் தொண்டையில் இறங்கவில்லை. காய்ந்த அன்று ஜெயம் பக்கத்திலேயே நின்று, ஒரு வாயில் கஞ்சிப் பானையும் இன்னொன்றில் வெந்நீர்ப் பானையும் வைத்துப் பற்றவைத்தாள். துளி புகை இல்லை. அம்மிக்கல் பக்கம் வெறும் தரை. செத்துப்போன வீடு மாதிரி இருந்தது. குப்பை கொட்ட வெளியே போன ஜெயம் அலறிக்கொண்டு உள்ளே ஓடிவந்தாள்.

"மாமா, நம்ம பிரபா! கூர மேல குந்திக்கினு கீறா!"

அவரும் ஜெயமும் வெளியே ஓடினார்கள். பார்த்துக்கொள்ள ஆளில்லாத சுள்ளி பொசுக்கென்று அணைய, அவர் அண்ணாந்தபோது குழாய் மட்டும் இருந்தது. மறுநாளும் அப்படியே. உள்ளே ஊதிக்கொண்டிருந்தால் அவள் மேலே இருப்பாள், எழுந்து வந்தால் போய்விடுவாள். இத்தனை வருஷம் அவர் ஒருவரே பார்த்தவளை இப்போது அவரைத் தவிர ஊரே பார்த்தது. பால்காரர் கூரையைப் பார்த்துச் சௌக்கியம் விசாரித்தார். இன்றைக்குப் பச்சைப் புடவை, இன்றைக்கு முகம் வாடியிருக்கிறது என்று தெருப் பெண்கள் ஜன்னல் வழியாகச் சேதி சொன்னார்கள். அவர் அடுப்பைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டார். இதைவிடக் கொடுமை ஒரு தகப்பனுக்கு வேண்டாம்.

கடைசியில் இரண்டாவது வாயைத் திறந்தும் பார்த்தார். புகை வந்தது, இருமல் வந்தது, பிரபாவதி வரவில்லை. இருமல் கேட்டு ஓடிவந்த ஜெயத்திடம் முதல்முறையாக எல்லாவற்றையும் சொன்னார். "அவ எப்படி வருவா மாமா? அப்போ உள்ளயே இருந்தா. இப்போ வெளிய பூட்டா. உள்ள வரணும்னா வாசப்படிய மிதிக்கணும் இல்ல? மிதிக்காதன்னது யாரு?" என்று ஜெயம் கேட்டாள்.

மறுநாள் பெரிய சவுக்குக் கட்டையாகப் பார்த்து அடுப்பில் செருகி, நன்றாகப் பிடித்துக்கொண்டதும் இருமிக்கொண்டே தெருவுக்கு வந்தார். மகள் கூரையில் இருந்தாள். பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, தெரு முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கச் சொன்னார்.

"பிரபா, நான் சொன்னது தப்புதாம்மா. வந்து மிதிம்மா. உள்ள வா."

யாரோ கூப்பிட்டது காதில் விழுந்தவளைப் போல அவள் திரும்பினாள். எழுந்து, கூரையின் ஓரம் வரை நடந்து, காற்றுக்கு எதிராக மேற்கே பனைமரங்களின் மேல் போய் மறைந்தாள். மறுநாளிலிருந்து குழாயில் வந்தது வெறும் புகை. இருந்ததும் போயிற்றே என்று ஊர் அவருக்காக வருத்தப்பட்டது. அவர் வெந்நீர் காய்ந்த பானையில் கேப்பைக் கூழ் காய்ச்ச ஆரம்பித்தார். அவருக்குக் கூழ் ஆகாது. பிரபாவதிக்கு உயிர். சாயங்காலமானால் அது ஜெயத்தின் மாட்டுக்குப் போகும்.

ஆடி மாதம் டவுன் பஸ்ஸிலிருந்து கண்ணாடி போட்ட ஒரு பெண் இறங்கி நேராக அந்த வீட்டுக்கு வந்தாள். முன்நெற்றி நரையைப் பார்த்ததுமே தெருவுக்கு ஆள் தெரிந்துவிட்டது. புதுப் படிக்கு முன்னால் கொஞ்சம் நின்றாள். பிறகு மிதித்து உள்ளே போனாள். ஓசூரில் அவள் வீட்டில் கேஸ் அடுப்புதானாம். ஆனாலும் இத்தனை வருஷமும் தினமும் காலையில் தலைமுடியில் விறகுப் புகை வாசம் அடிக்குமாம். இரண்டு மாதமாக அது நின்றுபோகவே, அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஓடிவந்தாளாம். அடுப்பருகே உட்கார்ந்து இரண்டாவது பானையைத் திறந்து, ஒரு கிண்ணம் ஊற்றிக் குடித்தாள்.

"உப்பே இல்லியேப்பா" என்றாள்.

ஞாயிறு வரை இருந்துவிட்டு ஊருக்குப் போனாள். அதன் பிறகு கிறிஸ்துமஸுக்கும் மே மாத லீவுக்கும் வருகிறாள், போன வாரம்கூடப் போன் செய்தாள். தினமும் வந்துகொண்டிருந்தவள் வருஷத்துக்கு இரண்டு தடவை வருகிறவள் ஆனது சவுரிராயனுக்கு மனதுக்குள் ஒரு குறைதான். யாரிடமும் சொன்னதில்லை. இலவச கேஸ் அடுப்பு வந்தபோது வாங்கி, அட்டைப் பெட்டியைப் பிரிக்காமல் பரணில் போட்டுவிட்டார். மண் அடுப்பில்தான் இப்போதும் இரண்டு பானை ஏற்றுகிறார். இரண்டாவதில் மறக்காமல் உப்பு போடுகிறார்.