சொம்பு போட்டோக்காரர்

...இல்லை, அவள் சொல்வதுதான் சரி, மூடியைக் கொஞ்சம் சாய்த்து வைத்தால்தான் தேக்சாவுக்குக் களை வருகிறது, நான் வைத்தபோது வாத்தியார் முன்னால் கைகட்டி நிற்கிற பிள்ளை மாதிரி இருந்தது, இப்போது பாரேன், யாரோ சற்று முன்தான் திறந்து உப்புப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் போனது போல... எங்கிருந்து வந்தது என் மகளுக்கு இந்தக் கண்? யானைக்கவுனிப் பாத்திரக் கடை ராமதாஸ் விலைப் பட்டியலில் போடப் படம் கேட்டிருக்கிறார், பிரியாணி ஆக்குகிற பெரிய அலுமினிய தேக்சா, பக்கத்தில் கரண்டி, அவ்வளவுதான் சாமான், அதை வைத்துக்கொண்டு சாபிரா முற்றத்தில் என்னமாய் விளையாடுகிறாள், கரண்டியை இந்தப் பக்கம் போடுகிறாள், தள்ளி நின்று பார்க்கிறாள், உதட்டைச் சுழிக்கிறாள், மறுபடி எடுக்கிறாள், நான் முக்காலியில் நிற்கிற கேமிராவுக்குப் பக்கத்தில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறேன். நாளை மறுநாள் இவள் பினாங்குக்குக் கப்பல் ஏறுகிறாள். மாப்பிள்ளை கமாலுக்கு அங்கே துணிக்கடை, நல்ல பையன், குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் மறுபடி எப்போது வருவாள், யாருக்குத் தெரியும்... இவள் முகம் பதிந்த படம் ஒன்றுகூட இந்த வீட்டில் கிடையாது. ஒரு போட்டோக்காரன் வீட்டில்!

யாரைச் சொல்லி என்ன, வாக்குக் கொடுத்தவன் நான். துறைமுகத்தில் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த வெள்ளைக்காரனிடம் இந்தக் கேமிராவை வாங்கி வந்த அன்றைக்கு என் மனைவி அஜீசுன்னிசா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், "உசுரு உள்ளத மட்டும் புடிக்க வாணாங்க, அது நம்ம மார்க்கத்துல இல்ல" என்று, நானும் புது மோகத்தில் சரி என்றேன், அதிலிருந்து சோப்புக்கட்டி, தீப்பெட்டி, பிஸ்கட் டின், கூஜா, சொம்பு... ராயபுரம் முழுக்க எனக்கு சொம்பு போட்டோக்காரர் என்றுதான் பெயர். மீன்கார மங்கம்மா கூடையை இறக்கும்போதெல்லாம் வம்புக்கு இழுப்பாள், "இன்னா பாய், சொம்பத்தான் புடிப்பியா, நானும் சொம்பு மாரிதானே கீறேன், என்ன ஒரு தபா புடியேன்" என்று, தெருவே சிரிக்கும், நானும் சிரிப்பேன், வருத்தமே இல்லை, சத்தியமாக இல்லை, ஒரு நசுங்கிய தகர டப்பாவை ஜன்னலோரம் வைத்துப் பார்த்தவனுக்குத் தெரியும் அதில் எத்தனை அழகு என்று, வெளிச்சம் அதன் விளிம்பில் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே சாப்பாட்டை மறந்திருக்கிறேன். ஆனால் இந்த ஒரு மாதமாக மனசு கேட்கவில்லை. பாஸ்போர்ட்டுக்காவது படம் வேண்டும் என்பார்கள், அந்த சாக்கில் ஆகட்டும் என்று பார்த்தேன், முகம் மறைக்கிற கோஷாப் பெண்ணா, படம் வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள். அஜீசிடம் கேட்கலாமா? கேட்டால் மறுக்கமாட்டாளோ என்னவோ, ஆனால் கொடுத்த வாக்கை நினைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பாள். சாபிராவிடம் கேட்கலாமா? அத்தா சொன்ன சொல் தவறாதவர் என்று கல்யாண வீட்டில் பெருமை பேசினவள் ஆயிற்றே, அவளிடம் எப்படி...

"அத்தா, தூங்கிகினே கீறியா? வெயிலு போவுது பாரு." துவைத்த வெள்ளை வேட்டியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு கேமிராவுக்கு வலப்பக்கம் போய் நின்றாள், வெளிச்சம் வேட்டியில் பட்டு தேக்சாவின் நிழல் பக்கத்துக்குத் திரும்பியது, ரயில் யார்டு கரித்தூள் படியாத வேட்டியாகத் தேடி எடுத்திருக்கிறாள், இதையெல்லாம் நான் சொல்லித்தரவே இல்லை. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். பின்கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும், பழக்கம்தான், தலைகீழ் தேக்சா, தலைகீழ் கரண்டி... அதென்ன, தேக்சாவின் வயிற்றில்? ஒரு கறுப்பு மூட்டையும் மூன்று கால்களும், அது நான். பக்கத்தில் வெள்ளையாக வேட்டி, வேட்டிக்கு மேலே முக்காடு நழுவிய ஒரு சின்ன முகம், நெற்றியில் ஒட்டிய முடி, மூக்குத்திகூட... யா அல்லாஹ். பளபளப்பான பாத்திரத்தை அப்படியே எடுக்கக்கூடாது, எதிரில் இருப்பதெல்லாம் அதில் விழும், அதனால் சுண்ணாம்புத் தண்ணீரில் நனைத்த துணியால் ஒத்தி மங்க வைத்துவிட்டுத்தான் எடுப்போம், ஒத்துவது எப்போதும் சாபிராவின் வேலை, ஒருநாளும் மறந்ததில்லை, புதுப்பெண், கப்பல் நினைப்பில் இன்றைக்கு மறந்துவிட்டாள் போலிருக்கிறது. ஒத்தவில்லையா என்று கேட்க வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றது.

தேக்சாவைத்தானே எடுக்கிறேன்? தேக்சா எதைப் பார்க்கிறது என்பதற்கு நானா பொறுப்பு? அட நாக்கே, யாரிடம் வக்கீல் பேச்சு பேசுகிறாய், உள்ளே அஜீஸ் மகளின் பயணத்துக்கு மாசிக் கருவாடு இடித்துக்கொண்டிருக்கிறாள், உலக்கைச் சத்தம் என் நெஞ்சிலேயே விழுகிறது... ஆனால் அந்த முகம், எவ்வளவு நன்றாக இருக்கிறது, இவளை இத்தனை வருஷம் தினமும் பார்த்தும் நான் பார்க்கவில்லையே, பாத்திரத்தைப் பார்த்த மாதிரி ஒருநாள் பார்த்திருப்பேனா? பிளேட்டைச் செருகினேன். பிஸ்மில்லா சொல்லி லென்ஸ் மூடியைக் கழற்றினேன். முற்றத்து வெளிச்சத்துக்கு மெதுவாக எண்ண வேண்டும், எண்ணினேன், ஹார்பரில் ஏதோ கப்பல் ஊதியது, சாபிரா அசையவில்லை, வேட்டி நுனிகூட ஆடவில்லை, ஓயாமல் துறுதுறுவென்று திரிகிறவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள், எண்ணிக்கை தவறி, மறுபடி எண்ணி, மூடியைப் போட்டேன்.

அவளைப் பார்க்கத் தெம்பில்லாமல் பிளேட்டைத் துணியில் சுற்றுகிற சாக்கில் குனிந்தே இருந்தேன். அவள் வேட்டியை மடித்துக் கொடியில் போட்டாள், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் ஒரு கிண்ணத்தை எடுத்து வந்தாள், உள்ளே முன்பே கரைத்து வைத்த சுண்ணாம்பு, அதில் ஊறிய துணி, அவள் மறக்கவே இல்லை. உட்கார்ந்து தேக்சாவின் வயிற்றை நிதானமாக ஒத்த ஆரம்பித்தாள். "வேற பிளேட்டு போடு அத்தா," என்றாள், நிமிரவே இல்லை, "ராமதாஸ் கடைக்கு எடுக்க வாணாமா?" எனக்குத்தான் ஆசை, எனக்குத்தான் ஆசை என்று ஒரு மாதமாய்ப் புழுங்கினேனே, படத்தில் நிற்க வேண்டும் என்று அவளுக்கும் எத்தனை வருஷமாய் இருந்ததோ, ஒருநாள்கூட நான் கேட்டதில்லையே... அஜீஸுக்கும் மகளின் முகம் ஒரு படத்தில் இருக்க வேண்டும் என்று ஆசை இருந்திருக்குமோ?