முதுகில் இல்லாத கூடை

'மேகக்குட்டி' புத்தகம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளுக்கு வந்தபோது அதற்கு அட்டை இல்லை. படம் போட்ட தாள்களையும் யாரோ ஏற்கெனவே கிழித்து எடுத்திருந்தார்கள். என் அக்கா வேலாயியின் சிநேகிதி டோரீன் கொழும்புக்கு ஆயா வேலைக்குப் போகும்போது அந்தப் புத்தகத்தை அவளிடம் விட்டுவிட்டுப் போனாள். மெட்ராஸில் அச்சடித்தது என்பது மட்டும் முதல் தாளின் அடியில் தெரிந்தது.

சின்னப் பிள்ளைகளுக்கு எழுதிய கதை. சிட்டு என்று பத்து வயதுப் பெண், தாய் தகப்பன் இல்லாதவள். ஒரு நாள் அவளுடைய கூடைக்குள் ஒரு குட்டி மேகம் வந்து விழுகிறது. தாயைத் தொலைத்த மேகம். அதைத் தாயிடம் சேர்ப்பதற்காக அவள் கூடையோடு மலையேறுகிறாள். மேகம் அழுதால் கூடை நனைந்து கனக்கும். சிரித்தால் அவள் கால் தரையில் படாது. வழியெல்லாம் வெயிலரக்கன் மேகத்தைக் குடிக்கத் துரத்தி வருவான். அவ்வளவுதான் கதை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து அதை வாசிப்பாள். அவள் படித்தது ஐந்தாம் வகுப்புவரை. நான் எட்டாவதில் நின்று, கொழுந்து அரைக்கிற இடத்தில் ராத்திரி வேலைக்குப் போனவன். ஞாயிறு என்றால் நான் தூங்க வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும், கேட்கிற பெண்களின் குரல் அதைவிடப் பெரிதாக இருக்கும். வெயிலரக்கன் வந்தால் பக்கத்து காம்பரா வீட்டுப் பேச்சியம்மாவால் சும்மா இருக்க முடியாது.

"ஓடு புள்ள, கூடைய எறக்காத. எறக்கினா குடிச்சிருவான்."

"பேச்சியம்மா அக்கா, அவளுக்கு நீங்க சொல்றது கேக்காது" என்பாள் வாசிக்கிற என் அக்கா.

"கேக்குதோ இல்லியோ, நீ மெதுவா வாசி. அவ மூச்சு வாங்குறாள்ல."

கதை முடிந்ததும் மறு ஞாயிறு முதல் பக்கத்திலிருந்து தொடங்குவார்கள். நாலைந்து வருடம் இப்படியே போனது. மூடுபனி இறங்கி லயத்துக்குள் புகுந்தால், "சிட்டு கூடையத் தொறந்துட்டா" என்பார்கள். மலையில் கொழுந்து பறிக்கும்போதும் அதே பேச்சுத்தான். கதையே கேட்காத கங்காணிகூட அப்படிச் சொல்லப் பழகிவிட்டார்.

அந்தக் கூடை எப்படி இருக்கும் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்க என்ன இருக்கிறது. கூடை என்றால் முதுகில் தொங்கும், கயிறு உச்சந்தலையில் விழும். மலையேறுகிறவள் வேறு எப்படிச் சுமப்பாள்? பேச்சியம்மா தன் தலையைத் தடவிக்கொண்டு, "கயிறு அறுத்து அதுக்கும் உச்சியில முடி கொட்டியிருக்கும், பாவம்" என்பாள். எங்களைப் பற்றி யாரோ எழுதியிருக்கிறார்கள் என்று எல்லாரும் நம்பினோம். நானும்தான்.

அப்புறம் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் நடுவில் ஒப்பந்தம் வந்தது. தோட்டத்து ஆட்களில் இத்தனை லட்சம் பேர் இந்தியாவுக்கு, இத்தனை லட்சம் பேர் இங்கே என்று இரண்டு அரசாங்கமும் பேசி முடித்துக்கொண்டன. யார் எந்தப் பக்கம் என்பதை அவரவர் வீட்டில் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

அக்காவின் புருஷன் அழகுமுத்து மச்சான் இந்தியாவுக்குப் போவது என்று முடிவோடு இருந்தார். தலவாக்கலை பஸ்ஸில் ஒருவன் அவரைக் கள்ளத்தோணி, களவாக வந்த இந்தியாக்காரன் என்று சொல்லி எழுப்பிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தான். அன்றிலிருந்து அவருக்கு வேறு பேச்சில்லை.

"இங்க நமக்கு ஓட்டு இருக்கா? ஒண்ணும் கெடையாது. அங்க போனா நம்ம ஆளுங்க."

"நம்ம ஆளுங்கன்னா யாரு?" என்பாள் அக்கா. "எங்க தாத்தா பேரு தெரிஞ்ச ஒரு ஆள அங்க காட்டுங்க பாப்போம். நான் பொறந்ததும் இங்க. அம்மா அப்பாவப் பொதைச்சதும் இங்க. தம்பி இங்க இருக்கான்."

"தம்பிக்கு ஒருத்தியக் கட்டி வெச்சா அவன் ஒன்னத் தேடப் போறானா?"

இதில் நான் பேசுவதில்லை. பேசினால் எனக்காகப் பேசுகிறேன் என்பார்கள். எனக்காகத்தான் பேசியிருப்பேன்.

மச்சான் தந்திரக்காரர். எதைச் சொன்னால் அவள் அசைவாள் என்று கண்டுபிடித்தார். ஒரு நாள் அந்தப் புத்தகத்தை எடுத்து அவள் மடியில் போட்டார்.

"இத எழுதினவன் எந்த ஊர்க்காரன்? மெட்ராசுக்காரன். ஒன் கூடையப் பத்தி அவனுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு? கடலுக்கு அந்தப் பக்கம் நம்மள நெனைக்கிறதுக்கு ஆள் இருக்கு வேலாயி. இங்க இருக்கிறவன் எவனாவது ஒரு வரி எழுதியிருக்கானா?"

அக்கா புத்தகத்தை முந்தானையில் துடைத்து எடுத்து வைத்தாள். அன்று சோறு வடிக்கும்போதும் அதே யோசனையில் இருந்தாள்.

கொஞ்ச நாளில் 'மேகக்குட்டி'யைப் படமாக எடுத்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தது. தலவாக்கலை சலூனில் ரேடியோவில் சொன்னதாக யாரோ வந்து சொன்னார்கள். லயமே கிறுக்குப் பிடித்து ஆடியது. மேகத்தை எப்படிக் காட்டுவார்கள் என்று சண்டை. பஞ்சு என்றார்கள், புகை என்றார்கள். இங்கே வந்து நம் மூடுபனியைப் படம் பிடித்துக்கொண்டு போயிருப்பார்கள் என்று ஒருத்தி சத்தியமே செய்தாள். சுவரொட்டியில் மேகத்துக்கு நடுவில் ஒரு பெண்ணின் முகம் மட்டும் இருந்தது. நல்ல சிவப்பு.

"சிட்டு இவ்வளவு வெளுப்பா?" என்றேன்.

"மேகத்துக்குள்ள போனா எல்லாரும் வெளுத்துத்தான் தெரிவாங்க" என்றாள் பேச்சியம்மா. "நீ வெளிச்சமே பாக்காதவன். ஒனக்கு என்ன தெரியும்?"

படத்துக்குப் பேர் 'மேகராஜகுமாரி' என்று மாறியிருந்தது. அதுவும் யாரையும் உறுத்தவில்லை.

படம் அட்டன் தியேட்டருக்கு வந்த வாரம், மச்சான் முன்னால் அக்கா ஒரு பேச்சு வைத்தாள்.

"படத்தப் பாத்துட்டுச் சொல்றேன். அவங்களுக்கு நம்மளத் தெரியும்னு பட்டுச்சுன்னா வர்றேன். அதுக்கப்பறம் அழ மாட்டேன். இல்லன்னா என்னக் கூப்பிடக் கூடாது."

"சரி" என்றார் மச்சான். மிகச் சுலபமாகச் சொன்னார். அந்தச் சுலபத்தை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

டிக்கெட்டுக்கும் பஸ்ஸுக்கும் காசு கட்டாது என்று எங்கள் லயத்தில் வேறு யாரும் கிளம்பவில்லை. மகள் நிறைமாசமாக இருந்ததால் பேச்சியம்மாவாலும் வர முடியவில்லை. "ஒண்ணு விடாம வந்து சொல்லணும்" என்று அக்காவிடம் கையடித்து வாங்கிக்கொண்டாள். ஞாயிறு காலை வேலை முடித்து, முகம் கழுவிக்கொண்டு அக்காவோடும் மச்சானோடும் நானும் பஸ் ஏறினேன். தூக்கம் வரவில்லை. அக்கா கல்யாணச் சேலையைக் கட்டியிருந்தாள்.

தியேட்டரில் எங்களைப் போன்ற தோட்டத்து ஆட்கள்தான் முக்கால்வாசி. பேர் போடும்போதே விசிலடித்தார்கள்.

சிட்டு வந்தாள். பத்து வயதுப் பெண் இல்லை, முப்பது வயது தாண்டிய நடிகை. பூந்தோட்டத்தில் தோழிகளோடு ஆடிக்கொண்டு வந்தாள். கூடை இடுப்பில் இருந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூக்கூடை, ஓரத்தில் ஜரிகை. ஒரு பாட்டு முடிவதற்குள் அதை எங்கேயோ வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு படம் முடியும்வரை கூடையே வரவில்லை. மேகக்குட்டி ஒரு பையன். அவனுக்கு வெள்ளைச் சட்டை போட்டு முதுகில் பஞ்சு ஒட்டியிருந்தார்கள். குதிரையில் ஒரு இளவரசன் வந்தான். கதையில் அப்படி ஒருவனே கிடையாது. வெயிலரக்கனைச் சிரிப்பு நடிகருக்குக் கொடுத்திருந்தார்கள். மலையேறுகிற இடம் வரும் வரும் என்று காத்திருந்தேன். அவள் ஏறவே இல்லை. இளவரசன் அவளைக் குதிரையில் தூக்கிவைத்துக்கொண்டு போனான். கடைசியில் அவள் காணாமல் போன அரசன் மகளாம். அதனால்தான் மேகம் அவளிடம் வந்ததாம்.

ஒரு காட்சியில் மட்டும், சந்தைக்குள் கூட்டத்தோடு கூட்டமாக ஒருத்தி முதுகில் மூட்டையோடு குனிந்து போனாள். அவளைப் பார்த்து சிரிப்பு நடிகர் ஏதோ சொல்ல, படத்துக்குள் எல்லாரும் சிரித்தார்கள். தியேட்டரில் ஒரு சத்தமும் இல்லை.

நான் கண் கொட்டாமல் பார்த்தேன். உள்ளே எரிச்சல். அதற்குக் கீழே, ஒளிக்காமல் சொல்கிறேன், சந்தோஷம். படம் இவ்வளவு கேவலமாக இருந்தால் அக்கா போக மாட்டாள்.

திரும்பும் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் இருந்தாள். கொட்டகலை தாண்டியதும் கேட்டாள்.

"தம்பி, புத்தகத்துல கயிறுன்னு எங்கயாச்சும் இருக்கா?"

யோசித்தேன். சுவருக்கு இந்தப் பக்கம் படுத்தே மனப்பாடம் ஆன கதை அது. 'கூடையைச் சுமந்தபடி நடந்தாள்' என்று வரும். 'கூடை கனத்தது' என்று வரும். கயிறு இல்லை. முதுகு என்ற சொல்லும் இல்லை.

"இல்லக்கா."

"நம்மளாப் போட்டுக்கிட்டது" என்றாள். பிறகு மச்சான் பக்கம் திரும்பி, "நான் வரல" என்றாள்.

மச்சான் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்தார். "ஒரு படத்துக்காகவா?"

"நீங்கதான ஒத்துக்கிட்டீங்க."

"போன மாசமே கண்டிக்குப் போயி இந்தியாவுக்குப் பேர் குடுத்துட்டேன். ஒனக்கும் சேத்துத்தான். இனி மாத்த முடியாது."

"போன மாசமா?"

"நீ எப்படியும் சரின்னுதான் சொல்லுவேன்னு நெனைச்சேன். படமும் நல்லாத்தான் இருக்கும்னு நெனைச்சேன்."

"நல்லா இல்லன்னா?"

நான் எழுந்து மச்சானின் சட்டையைப் பிடித்தேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டாள். "உக்காரு. பஸ்ஸுல பாக்குறாங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அழுவாள் என்று நினைத்தேன். சேலைத் தலைப்பை இழுத்துக் காதை மூடிக்கொண்டாள், குளிருக்கு மூடுவதுபோல.

மறுநாள் பகலெல்லாம் படுத்துக் கிடந்துவிட்டு, சாயங்காலம் வேலைக்குக் கிளம்பும்போது தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் கூட்டம். கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த பெண்கள் கை கால் கழுவாமல், கூடையைக்கூட இறக்காமல் நின்றார்கள். நடுவில் அக்கா படம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மொத சீனே நம்ம மலைதான். இருட்டோட ஒரு சின்னப் புள்ள ஏறி வருது. முதுகுல கூடை. கயிறு இங்க, உச்சியில. அப்படியே நம்ம மாதிரி."

"கயிறு தெரியுதா?" என்றாள் பேச்சியம்மா.

"நல்லாத் தெரியுது. கயிறுக்குக் கீழ மடிச்சு வெச்ச துணிகூடத் தெரியுது."

"அடியாத்தி. துணி வெக்கிறதுகூட அவனுகளுக்குத் தெரிஞ்சிருக்கு."

அக்கா புத்தகத்தில் இருந்ததையெல்லாம் சொன்னாள். மேகம் அழுதது, கூடை கனத்தது, வெயிலரக்கன் துரத்தியது. இளவரசன் வரவே இல்லை. தியேட்டரே அழுதது என்றாள். சில பெண்கள் நின்ற இடத்திலேயே மூக்கைத் துடைத்தார்கள்.

"அப்ப நாங்களும் பேர் குடுத்துர்றோம் வேலாயி" என்றாள் பேச்சியம்மா. "எங்க வீட்டுக்காரருதான் ரெண்டு மனசா இருக்காரு. நம்மளத் தெரிஞ்ச ஊருன்னு சொன்னாக் கேப்பாரு. ஒரே கப்பல்ல போயிருவோம்."

என்னால் நிற்க முடியவில்லை.

"பேச்சியம்மா அக்கா, அதெல்லாம் பொய். கூடை இடுப்புலதான் இருந்துச்சு, பூக்கூடை. அதுவும் ஒரு பாட்டோட சரி. முதுகுல சொமந்து போனவளப் பாத்துச் சிரிச்சானுக."

எல்லாரும் திரும்பினார்கள். பேச்சியம்மா என்னைப் பார்த்துவிட்டு அக்காவைப் பார்த்தாள். அக்கா என்னைப் பார்க்கவில்லை. குடத்தைப் பீலிக்குக் கீழே சரியாக வைத்தாள்.

"இவன் பேச்ச விடுங்க. நைட் வேலை முடிச்சு நேரா வந்தான். பாதிப் படம் கொறட்டை. நான்தான் தொடையக் கிள்ளிக் கிள்ளி எழுப்பினேன்."

பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி என்னைப்போலத் தலையைத் தொங்கப்போட்டுக் குறட்டை விட்டுக் காட்டினாள். இன்னும் பெரிய சிரிப்பு.

"கனாக் கண்டிருக்கான்" என்றாள் பேச்சியம்மா. "பூக்கூடையாம்ல. கனாவுலயாச்சும் ஒரு பொண்ணு கெடைச்சாளே."

கூட்டம் கலைந்தது. அக்கா குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒற்றையடிப் பாதையில் நான் வழி மறித்து நின்றேன்.

"அந்தக் குடும்பத்தையும் எதுக்குக்கா இழுக்கிற?"

"தெரிஞ்ச மொகம் ஒண்ணாவது வேணும்ல" என்றாள். "அங்க போயி நான் யாரோட பேசுறது?"

கெஞ்சவில்லை. வெட்கமும் இல்லை. உப்பு இல்லை என்று சொல்கிற மாதிரி சொன்னாள். விலகிச் செல்ல இடம் கேட்டுக் குடத்தை மறு இடுப்புக்கு மாற்றினாள். நான் விலகினேன்.

அவள் போன பிறகு இங்கே நான் யாரோடு பேசுவது என்று அவள் கேட்கவில்லை. சங்கு ஊதியது. நான் வேலைக்குப் போனேன்.