சஹனுக்கு நாலாவது ஆள்

கலீம் குளியலறைக் கதவைத் தோளால் மூன்றாவது முறை இடித்தான். தாழ்ப்பாள் பிய்த்துக்கொண்டு விழுந்தது.

உள்ளே கண்ணாடி முன்னால் அண்ணன் மீரான். முகமெல்லாம் நுரை. கையில் நீல நிற ரேசர். கலீமின் ரேசர்!

"கீழ போடு!"

"என்னடா, பேய் பிடிச்சிருச்சா? என்னோடது மழுங்கிப் போச்சு. கன்னத்துல ரெண்டே இழுப்பு..."

கலீம் பாய்ந்து பிடுங்கினான். பிளேடில் ஒரு பொட்டு நுரை இல்லை. முகத்தில் இன்னும் படவில்லை. அப்புறம்தான் அவனுக்கு மூச்சே வந்தது.

"அம்மா! ஒரு ரேசருக்குக் கதவ உடைக்கிறான் பாரும்மா! இன்னைக்கு வலீமா, கல்யாண விருந்து, எனக்கா, இவனுக்கா?"

கலீம் ரேசரைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு மாடியேறினான். காரணத்தை யாரிடமும் சொல்ல முடியாது.

போன வாரம், கூட்டாளி ரெங்கராஜின் அம்மாவுக்கு ஆபரேஷன் என்று ஸ்ரீரங்கம் போய் ரத்தம் கொடுத்தான். இருபத்து மூன்று வயது, சிகரெட்கூடத் தொடாத உடம்பு. மூன்று நாளைக்கு முன் ரத்த வங்கியிலிருந்து கூப்பிட்டார்கள். லிசி என்ற ஆலோசகர் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"ஹெபடைடிஸ் சி இருக்கலாம்னு காட்டுது, தம்பி. ஈரலைத் தாக்குற கிருமி. ரத்தம் வழியாப் பரவும். உங்க ரேசர், டூத் பிரஷ்ஷை யாருக்கும் குடுக்காதீங்க. அப்புறம்..."

அந்த 'அப்புற'த்தைக் கேட்கக் கலீம் அங்கே இல்லை. படியிறங்கி, பைக்கை உதைத்து, காவிரிப் பாலத்தைத் தாண்டிவிட்டான். லிசி நான்கு முறை போன் செய்தார். எடுக்கவில்லை.

மீதியை அவனே முடிவு செய்துகொண்டான். ரேசரே ஆகாது என்றால் தட்டு ஆகுமா? டம்ளர் ஆகுமா? அன்றிலிருந்து மாடியில் தனியாகச் சாப்பாடு. அம்மாவிடம் 'அல்சர்' என்று ஒரு பொய். கட்டிலடியில் ஒரு பை தயார். இன்று மாலை நான்கு மணிக்குச் சென்னை பஸ். வேலை தேடிப் போகிறேன் என்று கிளம்பினால் திரும்பி வரவே வேண்டாம். வீட்டில் எல்லோரும் பிழைத்துக்கொள்வார்கள்.

மதியம், காட்டூர் மண்டபம். பிரியாணி மணம் ரோடு வரை வந்து ஆளை இழுத்தது. ஒரு சஹனுக்கு நாலு பேர். பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகக் கைவைத்துச் சாப்பிடுவது அவர்கள் வீட்டு வழக்கம். அத்தா, மாப்பிள்ளை மீரான், ஜஹானாரா அக்காவின் கணவர் தாஹா. நாலாவது இடம் காலி.

"கலீமு! சோறு ஆறுது, வாடா!" அத்தா கூப்பிட்டார்.

"எனக்கு வேணாம் அத்தா. அல்சர்."

மீரான் வெடித்துச் சிரித்தான். "நம்ம வீட்டுல அல்சர் தாஹா மச்சானுக்கு மட்டும்தான்னு நெனச்சேன்! நாலு வருஷம் முன்னாடி மூணு மாசம் தயிர்சோறு, தனித்தட்டு. இப்ப இவனுக்கும் ஒட்டிக்கிச்சு. காலைல என்னன்னா ஒரு ரேசருக்குக் கதவையே உடைக்கிறான்!"

அரியமங்கலத்தில் லேத் பட்டறை வைத்திருப்பவர் தாஹா. மெஷின் சத்தத்தையும் மீறிச் சிரிக்கிற ஆள். இப்போது சிரிக்கவில்லை. எழுந்தார். கலீமின் மணிக்கட்டைப் பிடித்துக் கைகழுவும் இடத்துக்கு இழுத்துப் போனார்.

"போன வாரம் ரத்தம் குடுத்ததாச் சொன்னியே, அங்க என்ன சொன்னாங்க?"

கலீம் சுற்றுமுற்றும் பார்த்தான். "உங்களுக்கு... எப்படி மச்சான்?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுடா."

சொன்னான். கட்டிலடிப் பை உட்பட எல்லாவற்றையும்.

"போனை எடு. அந்தம்மாவைக் கூப்பிடு. இப்பவே!"

ஸ்பீக்கரில் லிசியின் குரல் படபடத்தது. "எங்க தம்பி போயிட்டீங்க? பாதியிலயே ஓடிட்டீங்களே! ஒரே தட்டுல சாப்பிடலாம், கட்டிப் பிடிக்கலாம், ஒண்ணும் ஆகாது. ரத்தத்துலதான் கவனமா இருக்கணும். கிருமி இப்ப உடம்புல இருக்கான்னு இன்னொரு டெஸ்ட் எடுக்கணும். இருந்தாலும் மூணு மாசம் மாத்திரை, கிட்டத்தட்ட எல்லாருக்கும் சரியாயிடுது. அரசு ஆஸ்பத்திரியில இலவசமாவே குடுக்கிறாங்க. நாளைக்குக் காலைல வருவீங்களா?"

கலீம் தாஹாவைப் பார்த்தான். தாஹா தலையாட்டினார்.

"வரேன் மேடம்," என்றான் கலீம்.

சஹனில் நாலாவது இடம் நிரம்பியது. முதல் கவளத்தை ஓரத்திலிருந்து எடுத்தான். இரண்டாவதை நடுவிலிருந்தே அள்ளினான். நல்ல கறித்துண்டாகப் பார்த்து தாஹா அவன் பக்கம் தள்ளினார்.

"பாரு அத்தா, மச்சான் ஓரவஞ்சனை பண்றாரு!" என்று மீரான் கத்தினான். அத்தா சிரித்தார்.

மண்டபத்துக் கடிகாரம் நான்கைத் தாண்டியபோதும் கலீம் எலும்பை உறிஞ்சிக்கொண்டுதான் இருந்தான். திடீரென்று பழைய சந்தேகம் தலைதூக்கியது.

"மச்சான், நான் சொல்றதுக்கு முன்னாடியே எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

தாஹா அவன் காதோரம் குனிந்தார்.

"எனக்கு எந்தக் காலத்துலயும் அல்சர் இருந்ததில்லடா. அந்த மூணு மாசமும் நான் முழுங்கினது, அந்தம்மா போன்ல சொன்னாங்களே, அதே மாத்திரைதான்."