இடக்கைக்கு ஒரு பாதித் தாள்

1.
முதலில், இருந்தவர்கள். தவராசா, வீட்டின் ஒரே கதிரையில். மனைவி கமலாசனி, குசினி வாசற்படியில், மடியில் தம்பியின் கடிதம். வாய்க்காலுக்கு அப்பால் குடியிருக்கும் நடராசா, விதைநெல் மூட்டையில். மறுநாள் பதில் கடிதத்தோடு வவுனியாவுக்குச் சைக்கிள் மிதிக்கப்போகிறவர் என்பதால் யாரும் அவரை மூட்டையை விட்டு எழும்பச் சொல்லவில்லை. தம்பி தயாபரன், அலுமாரிக் கண்ணாடியில் செருகிய யாரோ ஒருவரின் கலியாண வீட்டுப் படத்தில், கனடாவில், நின்றபடி.

இடம் வன்னியில் வட்டக்கச்சி. ஆண்டு 1994. கமலாசனி வைத்திருந்த கடித நகலிலிருந்து இந்தக் கதையைத் திருடினேன். அவர் எல்லாக் கடிதத்துக்கும் நகல் வைப்பவர். நான் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்காதவன்.

2.
(முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: “வன்னி வானம் ஓர் இரும்புத் தகடுபோல…” விட்டுவிட்டேன். அந்த ஆண்டு வன்னிக்குப் பொருளாதாரத் தடை; இரும்புத் தகட்டை உவமையாகக்கூட ஆமி உள்ளே விடாது.)

3.
தயாபரனுக்கு அங்கே வீடு கட்டும் வேலை. மரச்சட்டத்தை நிறுத்தி, அதன்மேல் ஒட்டுப்பலகை அடித்தால் சுவர். சுத்தியல் இல்லை; காற்றின் அழுத்தத்தில் ஆணி அடிக்கும், துப்பாக்கி போன்ற துவக்கு. சொந்தமாக ஒன்று வாங்கவேண்டும், இரண்டு வகை இருக்கிறது. விசையை அமத்திப் பிடித்தபடி, முனை பட்ட இடமெல்லாம் ஆணி இறக்குவதா? ஒவ்வோர் ஆணிக்கும் விசையை விட்டு விட்டு அமத்துவதா? “பலகைக் கணக்கில்தான் கூலி. அத்தானையும் கேட்டு எழுதுங்கோ அக்கா.”

“இதில கேக்க என்ன கிடக்கு? முதலாவதுதான்,” என்றார் தவராசா. கூரைக்கென்று பழைய ஆணிகளைக் கல்லில் வைத்து நிமிர்த்தி, மூன்று வருடமாகப் பால்மாப் பேணியில் சேர்ப்பவர். “செக்கனுக்கு மூண்டு ஆணியாம்! பிழைச்சா நாலாவதை அடிக்கலாம்.”

“முனை பட்ட இடமெல்லாம் எண்டால், துடையில பட்டாலும்தானே?” என்றார் கமலாசனி.

“துடையில ஏன் படுது?”

“போன கிழமை உங்கட பெருவிரலில ஏன் பட்டது?”

நடராசா மூட்டை குலுங்கச் சிரித்தார். “தங்கச்சி, என்னத்தையும் எழுது. துவக்கெண்டு மட்டும் எழுதாதை. ஆமிச் சென்றியில கடிதத்தோட நிக்கப்போறது நான்.”

(நடராசாவைக் கதையிலிருந்து வெட்டிவிட நினைத்தேன். கடிதம் கொண்டுபோக வேறு ஆள் கிடைக்கவில்லை.)

4.
கமலாசனி இலக்கமிட்டு எழுதினார். ‘ஒன்று: விட்டு விட்டு அடிக்கும் மெசினை வாங்கு. அத்தான் மற்றதைச் சொல்கிறார். அவர் விரலில் இன்னும் துணி.’

கடிதம் போய்ச்சேர இரண்டு மாதம். அதற்குள் அவன் ஏதோ ஒன்றை வாங்கியிருப்பான். அது கமலாசனிக்கும் தெரியும். ‘இரண்டு’ என்று எழுதிய பேனை நின்றது அதனால் அல்ல. எழும்பிப் போய் அலுமாரியில் இருந்த தம்பியின் படத்தை எடுத்துப் பார்த்தார்.

“இஞ்சேருங்கோ, இவன்ர இடக்கை எங்க?”

“பொக்கற்றுக்குள்ள.”

“போன படத்திலயும் பொக்கற்றுக்குள்ளதான். அதுக்கு முந்தினதிலயும்.”

“அது ஸ்டைலப்பா.”

“வலக்கையில சாப்பாட்டுக் கோப்பை. அப்ப என்னத்தால சாப்பிடுறான்?”

தவராசா படத்தை வாங்கினார். துணி சுற்றிய பெருவிரலால் அந்தப் பொக்கற்றைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

5.
போன வருடம் மகள் கௌசலாவின் பாதத்தைத் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றிக் கீறி அனுப்பியிருந்தார்கள். கனடாவிலிருந்து செருப்பு அளவாக வந்தது. கமலாசனி ஒரு வெள்ளைத் தாளை நடுவில் மடித்து விரித்தார். ஒரு பாதியில் தன் இடக்கையை விரித்து வைத்து, ஐந்து விரலையும் சுற்றிக் கீறினார்.

‘இரண்டு: மற்றப் பாதியில் உன் இடக்கையைக் கீறி அனுப்பு. கையுறை பின்னப்போகிறேன்.’

“வட்டக்கச்சியில இருந்து கனடாவுக்குக் கையுறையோ?” என்றார் நடராசா. “நூலுக்கு எங்க போவாய்?”

“அதை அவன் கேக்கட்டும்.”

“வலக்கையைக் கீறிப்போட்டு இடக்கை எண்டால்?”

“வலக்கையைக் கீற, இடக்கையால பென்சில் பிடிக்க வேணுமே அண்ணை.”

6.
மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். அ) ஐந்து விரல் வருகிறது, எல்லோரும் சிரிக்கிறார்கள். ஆ) ஐந்து விரல் வருகிறது, அறை நண்பனுடையது. இ) நாலு விரலும் ஒரு—

வேண்டாம். அந்தப் பாதித் தாள் வெறுமையாகத்தான் போனது. எனக்கு முன்னால் நீங்கள் நிரப்பிவிட்டீர்கள் என்றால், எத்தனை விரல் கீறினீர்கள் என்பதைக் கமலாசனிக்குச் சொல்லாதீர்கள்.

அவர் தாளை மடித்து உறையில் வைத்தார். சோற்றுப் பருக்கையை நசுக்கி உறையின் வாயை ஒட்டினார். காயும்வரை பெருவிரலால் அமத்திப் பிடித்திருந்தார். நடராசா அதைச் சட்டைப் பொக்கற்றில் வைத்து, ஒரு கையால் பொக்கற்றைப் பொத்தியபடி, மறு கையால் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.