நடு லாக்

1

இந்தக் கதையை எழுதச் சொன்னது என் தங்கை. நானாக எழுதியிருக்க மாட்டேன். செத்துப்போன மாப்பிள்ளையை வைத்துக் கதை பண்ணுகிறான் என்று நாலு பேர் பேசுவார்கள். பேசட்டும்.

முதல் வரி இப்படித் தொடங்கியது: 'காலை ரயிலில் ஒரு மடக்கு சைக்கிள் உறங்கியபடி

சீ, சைக்கிளாவது உறங்குவதாவது. நிறுத்திவிட்டேன்.

2

விஷயம் இதுதான். மாப்பிள்ளை லென்ஸ் தேய்க்கும் பட்டறைக்கும் தங்கை ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கும் ஒரே ரயிலில் போவார்கள். அவருடைய சைக்கிளை மடித்தால்தான் பெட்டிக்குள் விடுவார்கள். இறங்கியதும் அதை விரிப்பதில் இருவருக்கும் ஒரு பாகப்பிரிவினை உண்டு. சைக்கிள் சட்டம் மடிகிற இடத்திலுள்ள நடு லாக் அவளுடையது, ஹேண்டில் லாக் அவருடையது. அவள் குனிந்து அழுத்துவாள், அவர் நிமிர்த்துவார். பேச்சே இருக்காது.

(நடு லாக் போடாமல் ஏறினாலும் கொஞ்ச தூரம் ஓடும். பள்ளத்தில் இறங்கினால் இரண்டாக மடங்கிவிடும்.)

அன்று பெட்டியில் நெரிசல். செயின் கிரீஸ் அவளுடைய வெள்ளைக் கோட்டில் அப்பிவிட்டது.

"இந்தச் சனியனைக் கட்டிக்கிட்டு அழுறதுக்கு பஸ்ல போலாம்ல?"

"நீ பஸ்ல போ. யாரு வேணாம்னா?"

(முதல் பிரதியில் சண்டைக்குக் காரணமாக ஒரு பழைய காதலியைக் கொண்டுவந்தேன். தங்கை படித்துவிட்டு, "கிரீஸுக்குத்தாண்ணா சண்டை போட்டோம்" என்றாள். எனக்கு வெட்கமாகப் போயிற்று.)

இறங்கியதும் அவர் சைக்கிளை விரித்தார். அவள் நடு லாக்கைத் தொடாமல், திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டாள். அவர் ஹேண்டிலை மட்டும் லாக் செய்துவிட்டு ஏறினார். பாலத்துச் சரிவில் அது மடங்கியது. பின்னால் லாரி வந்துகொண்டிருந்தது.

லாரியை ஒரு பத்தி முழுக்க வர்ணித்திருந்தேன். கிழித்துப் போட்டேன்.

3

தங்கை கேட்பது ஒன்றுதான். "நடு லாக்கை அவரு ஏன் பாக்கலைன்னு மட்டும் எழுதுண்ணா. நீதான் அடுத்தவங்க மனசுக்குள்ள பூந்து எழுதுவியே."

ஒரு முடிவு: அவருக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. கண்மண் தெரியாமல் ஏறிவிட்டார். இதில் அவள் மேல் பழியில்லை. ஆனால் மனுஷன் அவளைத் திட்டிக்கொண்டே செத்தார்.

இன்னொன்று: சண்டையை அவர் அப்போதே மறந்துவிட்டார். எவ்வளவு கோபமிருந்தாலும் அவள் தன் வேலையை முடித்துவிட்டுத்தான் போயிருப்பாள் என்று நினைத்தார். அவள் மேல் அவருக்குத் துளி வருத்தமில்லை. அந்த நம்பிக்கைதான் ஆளைக் கொன்றது.

மூன்றாவது: லாக் போட்டிருந்தது, ஆனால் அது பழுதாகி

இது செல்லாது. சைக்கிளை அவளே போய்ப் பார்த்துவிட்டாள். லாக் உடையவில்லை, திறந்திருந்தது.

4

எனக்கு மண்டை காய்கிறது. கோபத்தோடு செத்த புருஷனைக் கொடுத்து அவளைக் காப்பாற்றுவதா? அன்போடு செத்த புருஷனைக் கொடுத்து அவளைக் கொல்வதா? எழுத்தாளனாம் எழுத்தாளன்.

கதவருகே வந்துவிட்டாள்.

"முடிச்சிட்டியாண்ணா?"

"இன்னும் இல்லம்மா."

"எதுவா இருந்தாலும் பரவால்ல. குடு."

இரண்டு முடிவுகளும் இரண்டு தாள்களாக என் மடியில் இருக்கின்றன. அவள் கையை நீட்டிவிட்டாள். நீங்களாக இருந்தால் எதைக் கொடுப்பீர்கள்? கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள், அவள் நின்றுகொண்டே இருக்கிறாள்.