அரை வேகத்தில் ஏறும் சூடு

பல்லடத்துக்கு வடக்கே ராயபுரத்தில் பனியன் கம்பெனி வைத்திருந்த தங்கராஜ், 2005ஆம் வருடம் ஆவணி மாதம் ஒரு புதன்கிழமை காலை ஒன்பதேகாலுக்குத் தன் சின்ன விமானத்தில் ஏறிப் பறந்தார். அதன் பிறகு கீழே இறங்கவில்லை. அந்த வாரம் நூல் விலை கிலோவுக்கு இரண்டு ரூபாய் ஏறியிருந்தது, மழை இல்லை. விமானம் இரண்டு பேர் உட்காரக்கூடியது. துணி இறக்கை, முதுகுக்குப் பின்னால் இரண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் எஞ்சின். மூலனூர்ப் பக்கம் அவருடைய முருங்கைக் காட்டில் ஒரு பகுதியைச் சமன்படுத்தி ஓடுபாதை போட்டிருந்தார். பக்கத்து இருக்கை காலியாக இருந்தால் ஒரு பக்கம் சாயும் என்று அதில் கூம்பு அட்டையில் சுற்றிய நூல் கோன்களை இரண்டு மூட்டை வைத்துக் கட்டிக்கொண்டு போனார்.

எஞ்சினைப் பார்த்துக்கொண்டவன் அருண்பாண்டி. உசிலம்பட்டிக்காரன். ஊரில் மொபெட்டுகளைப் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தவன், கம்பெனியில் ஜெனரேட்டர் பார்க்க வந்து, முதலாளி விமானம் வாங்கியதும் அதற்கும் பொறுப்பானான். அவன் மனைவி நாகஜோதி பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்தாள். வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்கு அவனும் டிக்கெட் எடுத்து வைத்திருந்தான். புதன்கிழமை பத்து மணிக்கு, ஓடுபாதையில் நின்றிருந்த அவன் கையிலிருந்த வயர்லெஸ்ஸில் முதலாளியின் குரல் வந்தது.

"பாண்டி, புல்லா முறுக்குனா புகைக்குழாய்ச் சூடு ஐநூத்தித் தொண்ணூறுதானுங்க காட்டுது. எறங்கலாம்னு பாதியாக் கொறச்சா அறுநூத்தி எண்பதுக்குப் போகுதுங்க."

"ரெண்டு முள்ளுல எது மொதலாளி ஏறுது?"

"ரெண்டும் சேந்தாப்புலயே ஏறுதுங்க."

அருண்பாண்டிக்கு அந்த நிமிடமே விஷயம் தெரிந்துவிட்டது. ஒரு முள் மட்டும் ஏறினால் அந்தச் சிலிண்டரில் எங்கோ காற்று கசிகிறது என்று அர்த்தம். இரண்டும் சேர்ந்து ஏறினால் இரண்டுக்கும் பெட்ரோல் போதவில்லை. முழு வேகத்தில் போதுமான பெட்ரோல் அரை வேகத்தில் குறைகிறதென்றால் குற்றம் கார்புரேட்டருக்குள் இருக்கும் ஊசியில்தான். டூ ஸ்ட்ரோக் எஞ்சினை உள்ளிருந்து குளிர வைப்பதும் அந்தப் பெட்ரோல்தான்; அது குறைந்தால் சூடு ஏறும், அறுநூற்று ஐம்பதுக்கு மேலேயே கொஞ்ச நேரம் ஓடினால் பிஸ்டன் உருகிப் பிடித்துக்கொள்ளும். அன்று காலை புகை அதிகமாக வருகிறது என்று முதலாளி சொன்னதும், ஊசியில் மாட்டும் கிளிப்பை மூன்றாவது வெட்டிலிருந்து இரண்டாவதற்கு மாற்றி, பெட்ரோல் வழி குறுகும்படி ஊசியை இறக்கிவைத்தவன் அவன்தான். யாரிடமும் சொல்லவில்லை. இப்போதும் சொல்லவில்லை.

"எஞ்சின அணைச்சுட்டு மெதந்து எறங்குங்க மொதலாளி" என்றான். தங்கராஜ் ஓடுபாதைக்கு நேர் மேலே வந்து எஞ்சினை அணைத்தார். விமானம் இறங்கவில்லை. சுவரில் மாட்டிய காலண்டர் போல அங்கேயே நின்றது. அரை மணி நேரம் கழித்துக் காற்று அதைப் பல்லடம் பக்கம் தள்ள ஆரம்பித்ததும் மறுபடி எஞ்சினைப் போட்டுக்கொண்டு கம்பெனிக்கு மேலே வந்து சுற்றினார். பெட்ரோல் டேங்கில் கால் பங்கு வரை குறைந்தது; அதற்குக் கீழே என்றைக்கும் குறையவில்லை.

இரண்டாம் நாள் அவருடைய மனைவி முத்தாத்தாள் கம்பெனி மொட்டை மாடியில் நின்று, சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று வயர்லெஸ்ஸில் கேட்டார். தங்கராஜ் கோன் நூலைப் பதினாறு இழையாக முறுக்கிக் கீழே விட்டார். அதன் நுனியில் டிபன் கேரியர் கட்டப்பட்டு மேலே போயிற்று. அதிலிருந்து தினமும் மாலை ஐந்து மணிக்கு விமானம் மாடிக்கு மேலே வந்து அரை மணி நேரம் நிற்கும். வாரம் முடிவதற்குள் கயிறு அறுபத்து நாலு இழை ஆகிவிட்டது. அதைப் பிடித்து இறங்கி வந்துவிடலாமே என்று கேட்டதற்கு, "நான் உட்டுட்டு எறங்குனா இது யாரு ஊட்டு மேல உழுகுமோ, ஆரு கண்டா?" என்றார். கீழே தையல் யூனிட்டுகளில் ஷிப்டுக்கு ஆயிரக்கணக்கான பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

முத்தாத்தாள் அருண்பாண்டியிடம் கேட்டார். "ஏனுங்க தம்பி, நீங்க இதப் புடிச்சு மேல போயிப் பாக்க முடியாதுங்களா?"

"ஆளத் தாங்காதும்மா" என்றான்.

தாங்கும். முந்தின நாள் மாலை யாரும் மாடி ஏறி வருவதற்கு முன் அதன் நுனியைப் பிடித்துத் தொங்கிப் பார்த்திருந்தான். மேலே போனால் கார்புரேட்டரை முதலாளி கண் முன்னால் பிரிக்க வேண்டும். கிளிப் இரண்டாவது வெட்டில் இருப்பதை அவர் பார்ப்பார். வெள்ளிக்கிழமை டிக்கெட்டை முன்பே திருப்பிக் கொடுத்திருந்தான். மாடியில் தகரக் கொட்டகை போட்டு அங்கேயே தங்கி, மணிக்கொரு தரம் புகைக்குழாய்ச் சூட்டின் எண்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டான். கேட்டுக்கொண்டிருக்கிற வரைக்கும் வைத்தியம் நடப்பது போல இருந்தது. இரண்டு நாள் லீவு கேட்டால்கூட, "நீங்களும் போயிட்டா அவருக்கு ஆருங்க இருக்கறா?" என்று முத்தாத்தாள் மெதுவாகக் கேட்பார்; அவன் பையைக் கீழே வைத்துவிடுவான். ஐப்பசியில் பெண் குழந்தை பிறந்ததைப் போனில் கேட்டான். முதல் பல், முதல் நடை, அம்மை எல்லாம் போனில்தான். வானத்தில் சுற்றுகிறவருக்கு நாலு திசையும் தெரிந்தது. அவனுக்கு நாலு கைப்பிடிச் சுவர் தெரிந்தது.

ஊர் பழகிவிட்டது. காயப்போட்ட வெள்ளைத் துணியில் எண்ணெய்ப் புள்ளி விழுகிறது என்று முதல் மாதம் புகார் சொன்னவர்கள் மேலே ஷீட் போட்டுக்கொண்டார்கள். அதிகாரி ஒருவர் வந்து, அண்ணாந்து பார்த்து, இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போனார். பீகாரிலிருந்து புதிதாக வேலைக்கு வந்தவர்கள் ஒரு வாரம் விசாரித்தார்கள். பிறகு அவர்களும் குனிந்து தைத்தார்கள். கம்பெனியை முத்தாத்தாள் நடத்தினார், முன்பைவிட ஒழுங்காகவே.

2008 ஐப்பசியில் நாகஜோதி மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தாள். அவன் கை நீட்டியதும் குழந்தை அலறி அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. நாகஜோதி சுவரெல்லாம் எழுதியிருந்த எண்களைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"மூணு வருசமா ஒரே கணக்கத்தான எழுதிருக்கீங்க. உண்மையச் சொல்லுங்க, என்னத்தப் பண்ணி வச்சீங்க?"

சொன்னான். ஊசியையும் சொன்னான், கயிற்றையும் சொன்னான். அவள் குழந்தையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள். "எம்புள்ள உங்கள யாருன்னு கேக்குது. அதுக்குக் காரணம் இம்புட்டூண்டு கிளிப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

ஐந்து மணிக்கு முத்தாத்தாள் வந்து கேரியரைக் கயிற்றில் கட்டியதும் அவன் எழுந்து நின்றான். "கயிறு தாங்கும்மா. அன்னைக்கே தாங்கும். ஊசிய மாத்தி வச்சது நான்தான்."

முத்தாத்தாளின் முகம் வெளுத்துவிட்டது. அடிப்பார் என்று நினைத்தான். அவர் கட்டிய கேரியரை அவிழ்த்துக் கீழே வைத்துவிட்டு, கயிற்றின் நுனியை அவன் கையில் கொடுத்தார். "ஏறுங்க" என்றார்.

ஏறினான். மேலே காற்றில் எண்ணெய் வாசம் அடித்தது. தங்கராஜ் தாடியும் கருத்த முகமுமாக உட்கார்ந்திருந்தார். நூல் தீர்ந்துபோன காலி இருக்கையைக் கையால் துடைத்துவிட்டார். நின்றுகொண்டிருந்த விமானத்தில் அருண்பாண்டி பின்பக்கம் திரும்பி மண்டியிட்டுக் கார்புரேட்டரைத் திறந்தான். ஊசியை வெளியே எடுத்து அவரிடம் காட்டினான்.

"நாந்தான் மொதலாளி இத மாத்துனேன். மூணு வருசமா மறச்சுட்டேன்."

தங்கராஜ் அதைப் பார்த்தார். "பொகை வருது, கொறைங்கன்னு சொன்னது நானுங்க பாண்டி. போடுங்க."

கிளிப்பை மூன்றாவது வெட்டில் மாட்டி மூடினான். எஞ்சின் முதல் இழுப்பிலேயே பிடித்தது. அவர் பாதியாகக் குறைத்தார். இரண்டு முள்ளும் ஐநூற்று அறுபதில் நின்றன. அருண்பாண்டி அழுதுவிட்டான். இன்னும் குறைத்தார், சூடு ஏறவில்லை. சும்மா ஓடும் வேகத்துக்கே குறைத்தார். விமானம் ஒரு அடிகூட இறங்கவில்லை. ராயபுரத்துக் கூரைகள் அதே தூரத்தில் இருந்தன.

தங்கராஜ் எஞ்சினை அணைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினார்.

"உங்க கொறை தீந்துருச்சுங்க" என்றார் தங்கராஜ். "இது வேற எதோங்க. நீங்க ஊருக்குப் போங்க."

அருண்பாண்டி கயிற்றில் இறங்கி வந்து, நடந்ததை முத்தாத்தாளிடம் சொன்னான். அவர் அண்ணாந்து பார்த்தார்.

"அப்ப எஞ்சின்ல ஒண்ணும் இல்லீங்களா?"

"ஒண்ணும் இல்லம்மா. இப்ப நல்லா ஓடுது."

"சரீங்க" என்றார். கேரியரை எடுத்துக் கயிற்றில் கட்டி, ஆறிப்போவதற்குள் மேலே அனுப்பினார். நாகஜோதிக்கும் குழந்தைக்கும் இலை போடச் சொன்னார். அருண்பாண்டிக்கும் போடச் சொன்னார், ஆனால் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. வயர்லெஸ்ஸை எடுத்தார்.

"ஏனுங்க, நாளைக்கு என்னங்க பண்ணட்டும்?"

"ரசஞ்சோறு போதுங்க" என்று பதில் வந்தது.

உசிலம்பட்டிக் குடும்பம் ஏழு மணி மதுரை பஸ்ஸில் கிளம்பிற்று. தாராபுரம் தாண்டியதும் குழந்தை அவன் தோளில் சாய்ந்து தூங்கியது.